கன்ஃபிக் கோப்பை நிரல் படிக்காதபோது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிரலின் கன்ஃபிக் கோப்பில், அதாவது அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பில், போர்ட் எண்ணை (இணைப்புகளுக்காக நிரல் காத்திருக்கும் வாசலின் எண்) மாற்றிச் சேமிக்கிறீர்கள். நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டுகிறீர்கள். அது பழைய போர்ட்டிலேயே வந்து நிற்கிறது. இல்லாவிட்டால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. புதியவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். மேற்கோள் குறியைப் போட்டுப் பார்ப்பது, எடுத்துப் பார்ப்பது, இணையத்தில் கிடைத்த வேறொரு கோப்பை ஒட்டிப் பார்ப்பது என்று மாலை வரை போகும். கடைசியில் பார்த்தால், நிரல் இத்தனை நேரமும் திறந்துகொண்டிருந்தது வேறொரு ஃபோல்டரில் இருக்கும் வேறொரு கோப்பை.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது: கோப்பின் உள்ளே கை வைக்கும் முன், நிரல் உண்மையில் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு கன்ஃபிக்கைப் படிக்கும்போது நிரல் வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது. கோப்பைத் தேடுகிறது, திறக்கிறது, பைட்டுகளை எழுத்துகளாக மாற்றுகிறது, இலக்கணப்படி பிரிக்கிறது, மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. நாமும் இதே வரிசையில் போனால் ஒரு படியில் கண்டிப்பாகச் சிக்கிவிடும். படிகளைத் தாண்டிக் குதித்தால்தான் நேரம் போகிறது.

தொடங்கும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, பெயரோடு தேதியைச் சேர்த்து வைத்துவிடுங்கள்.

பிழைச்செய்தியை முழுக்கப் படியுங்கள்

லினக்ஸில் வரும் செய்திகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்றால் நிரல் தேடிய பாதையில் ஒன்றும் இல்லை. ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் பாதை சரி, அனுமதி இல்லை. வரி எண்ணோடு ஒரு புகார் வந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம்: நிரல் கோப்பைக் கண்டுபிடித்துவிட்டது, திறந்துவிட்டது, படிக்கவும் தொடங்கிவிட்டது. மிச்சம் இருப்பது எழுத்துப் பிரச்சினையோ இலக்கணப் பிரச்சினையோதான்.

பைத்தான் நிரலில் நீளமாக ஒரு ட்ரேஸ்பேக் (பிழை நேர்ந்த இடம் வரையிலான அழைப்புகளின் பட்டியல்) வந்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணி நிரல்களை ஓட்டி நிர்வகிப்பது) வழியாக ஓடும் சர்வீஸாக இருந்தால் செய்தி திரையில் வராது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டுவது லாக் பதிவின் கடைசிச் சில வரிகளை மட்டுமே. உண்மையான காரணம் அவற்றுக்கு மேலே இருக்கலாம். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் சர்வீஸின் பெயரைக் கொடுத்து முழு லாகையும் பாருங்கள்.

எந்தக் கோப்பு?

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன. ஆகவே இந்தப் படியில் நிதானமாக நின்று பார்ப்போம்.

முதல் சந்தேகம் சார்புப் பாதை மீது, அதாவது வேரிலிருந்து தொடங்காத பாதை மீது. உங்கள் பைத்தான் நிரல் ‘செட்டிங்ஸ்.ஐஎன்ஐ’ என்று வெறும் பெயரைக் கொடுத்துத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் இருக்கும் ஃபோல்டரில் அது தேடும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அது தேடுவது, நிரலை எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினீர்களோ அங்கே. விஎஸ் கோடில் ரன் பொத்தானை அழுத்தினால் டெர்மினல் வழக்கமாக ப்ராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டரில் நிற்கும், உங்கள் நிரல் உள்ளே மூன்றாவது ஃபோல்டரில் இருந்தாலும் சரி. கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கருவி) வழியாக ஓட்டினால் பயனரின் ஹோம் ஃபோல்டரில் நிற்கும். சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால், நீங்கள் வேறு இடம் குறிப்பிடாதவரை, கோப்பு அமைப்பின் வேரிலேயே நிற்கும். ‘கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் போட்டால் ஓடவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

சரிசெய்வது எளிது. நிரலின் தொடக்கத்தில், பாத்லிப் நூலகத்தைக் கொண்டு நிரல்கோப்பு இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையைப் பெற்று, அதோடு கன்ஃபிக்கின் பெயரைச் சேருங்கள். அப்புறம் எங்கிருந்து ஓட்டினாலும் ஒரே கோப்புதான்.

டில்டே குறியும் (~) இப்படித்தான் ஏமாற்றும். டெர்மினலில் அதைத் தட்டினால் உங்கள் ஹோம் ஃபோல்டராக மாறுகிறது, மாற்றுவது ஷெல், அதாவது டெர்மினலில் உங்கள் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல். பைத்தானின் ‘ஓப்பன்’ செயல்பாட்டுக்கு அந்தக் குறியை அப்படியே கொடுத்தால், டில்டே என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டரை அது தேடும். ‘எக்ஸ்பேண்ட்யூசர்’ என்ற செயல்பாட்டின் வழியாகப் பாதையை விரித்துக் கொடுக்க வேண்டும். சூடோவுடன் (வேறொரு பயனராக, வழக்கமாக ரூட்டாக, ஓட்டும் கட்டளை) ஓட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பல கணினிகளில் அப்போது ‘ஹோம்’ என்பது ரூட் என்ற நிர்வாகப் பயனரின் ஹோம் ஆகிவிடும். உங்கள் ஹோமில் வைத்த கோப்பு அங்கே இருக்காது.

விண்டோஸில் பழைய எதிரி ஒன்று உண்டு. நோட்பேடில் ‘செட்டிங்ஸ்.ஐஎன்ஐ’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தால், அது கடைசியில் ‘.டிஎக்ஸ்டி’ என்று ஒட்டிவிடலாம். எக்ஸ்ப்ளோரர் பின்னொட்டுகளை மறைத்துவைப்பதால் பார்வைக்குப் பெயர் சரியாகவே தெரியும். வியூ மெனுவில் கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். லினக்ஸுக்கு மாறும்போது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அங்கே வெவ்வேறு பெயர்கள் என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் ஓடிய நிரல் சர்வரில் ஏறியதும் கோப்பைக் காணோம் என்பதற்கு இது போதும்.

இனி வருவது புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கும் இடம். பைத்தானின் ‘கன்ஃபிக்பார்சர்’ நூலகத்தில் ‘ரீட்’ என்றொரு செயல்பாடு இருக்கிறது. கொடுத்த கோப்பு இல்லையென்றால் அது ஒரு வார்த்தை சொல்லாது. அமைதியாகக் கடந்து போய்விடும். பிறகு, பத்து வரி தள்ளி, ‘நோ செக்ஷன் எரர்’ என்றோ ‘கீ எரர்’ என்றோ பிழை வரும். நீங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பீர்கள். அந்தப் பகுதி அங்கே அழகாக இருக்கும். குழப்பம் தொடங்கிவிடும். ‘ரீட்’ தான் வெற்றிகரமாகப் படித்த கோப்புகளின் பட்டியலைத் திருப்பித் தருகிறது. அதை வாங்கி அச்சிட்டுப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இந்த அமைதி ஆவணத்தில் சொல்லப்பட்டிருப்பதுதான், பல இடங்களில் கன்ஃபிக் இருக்கலாம் என்பதற்காக வைத்தது. ஆனாலும் உங்கள் சொந்த நிரலில், பட்டியல் காலியாக இருந்தால் உடனே நிறுத்தும்படி ஒரு வரி சேர்ப்பது நல்லது.

மற்ற நிரல்களில் யூகிக்காதீர்கள், நிரலையே கேளுங்கள். பல நிரல்களில் இதற்கென்றே வழி இருக்கிறது. பிஎச்பி என்றால், இரட்டைக் கோட்டுடன் ‘ஐஎன்ஐ’ என்று கொடுங்கள்; ஏற்றிய கோப்பின் பாதையைச் சொல்லும். ஆனால் அது டெர்மினல் பிஎச்பியின் பதில். டெபியன், உபுண்டுவில் டெர்மினலுக்கு ஒரு ‘பிஎச்பி.ஐஎன்ஐ’, அப்பாச்சி வலைச்சர்வருக்கு வேறொன்று, பிஎச்பியைத் தனிச் செயலாக ஓட்டும் எஃப்பிஎம்முக்கு இன்னொன்று என்று தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. பதிவேற்ற அளவைக் கூட்டினேன், தளத்தில் மாறவில்லை என்பவர்கள் அநேகமாக டெர்மினலுக்கான கோப்பையே மாற்றியிருப்பார்கள். வலைப்பக்கத்தின் நிலவரம் தெரிய, ‘பிஎச்பிஇன்ஃபோ’ பக்கத்தில் ‘லோடட் கன்ஃபிகரேஷன் ஃபைல்’ என்ற வரியைப் பாருங்கள். பார்த்த பிறகு அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ‘கன்ஃபிக்’ கட்டளையோடு ‘லிஸ்ட்’, ‘ஷோ ஆரிஜின்’ என்ற விருப்பங்களைச் சேர்த்தால் ஒவ்வொரு மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வரிடம் ‘ஹெல்ப்’, ‘வெர்போஸ்’ இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எந்தெந்தக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்கிறது என்று சொல்லும். என்ஜின்எக்ஸ் வலைச்சர்வரில் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தைச் சின்னதாகக் கொடுத்தால் கோப்பைச் சோதித்து அதன் பாதையையும் சொல்லும்; அதே எழுத்தைப் பெரிதாகக் கொடுத்தால், இன்க்லூட் ஆன (உள்ளே சேர்க்கப்பட்ட) கோப்புகள் உட்பட முழு கன்ஃபிக்கையும் கொட்டிக் காட்டும்.

நிரலிடம் அப்படி வசதி இல்லையா? எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. கன்ஃபிக்கின் முதல் வரியில் வேண்டுமென்றே பொருளற்ற ஒரு சொல்லை எழுதுங்கள். நிரலை ஓட்டுங்கள். அது புகார் சொல்லாமல் வழக்கம்போல ஓடினால், அநேகமாக அந்தக் கோப்பை அது தொடவே இல்லை. இதை உங்கள் சொந்தக் கணினியிலோ சோதனைச் சர்வரிலோ மட்டும் செய்யுங்கள். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் வேண்டாம். சோதித்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் இயங்குதளத்திடமே கேட்கலாம். லினக்ஸில் ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவி, நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும். கோப்பு திறக்கும் அழைப்பான ‘ஓபன்அட்’டை மட்டும் வடிகட்டிக் கேளுங்கள். நிரல் துணைச் செயல்களைக் கிளப்புமானால் அவற்றையும் பின்தொடரும் விருப்பத்தைச் சேருங்கள். வரும் வெளியீட்டில் ‘கோப்பு இல்லை’ என்ற வரிகள் நிறைய இருக்கும். பயப்பட வேண்டாம், நிரல்கள் பல இடங்களில் தேடுவது வழக்கம்தான். உங்கள் கன்ஃபிக்கின் பெயர் வரும் வரிகளை மட்டும் பொறுக்கிப் பாருங்கள். விண்டோஸில் இதே வேலைக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘ப்ராசஸ் மானிட்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது. நிரலின் பெயரை ஃபில்டரில் கொடுத்தால், ‘நேம் நாட் ஃபவுண்ட்’, ‘ஆக்சஸ் டினைடு’ என்ற முடிவுகள் பாதையோடு வந்து நிற்கும்.

திறக்க அனுமதி இருக்கிறதா?

கோப்பை உங்களால் திறக்க முடிகிறது என்பதால் நிரலாலும் முடியும் என்று ஆகாது. சர்வரில் ஓடும் வலைச்செயலி பெரும்பாலும் வேறொரு பயனராக ஓடுகிறது; உபுண்டுவில் அது அடிக்கடி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. சூடோவில் அந்தப் பயனரின் பெயரைக் கொடுத்து, ‘கேட்’ கட்டளையால் கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் அடுத்த படிக்குப் போகலாம். மறுத்தால், கோப்பை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் பாருங்கள். வழியில் ஒரு ஃபோல்டரில் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் கோப்பு கிடைக்காது. ‘நேம்ஐ’ என்ற கட்டளைக்கு நீள்வடிவ விருப்பத்தையும் முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து கோப்பு வரை எல்லாவற்றின் அனுமதிகளையும் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இந்த இடத்தில் இணையம் உங்களுக்கு 777 என்ற அனுமதி எண்ணைச் சொல்லித் தரும். கேட்காதீர்கள். கடவுச்சொல் இருக்கும் கோப்பை எல்லாரும் படிக்கவும் மாற்றவும் திறந்துவிடுவது அது. அதோடு, சில நிரல்கள் இப்படித் திறந்துகிடக்கும் கோப்பைத் தொடவே மறுக்கும். எல்லாரும் எழுதக்கூடிய கன்ஃபிக்கை மைஎஸ்க்யூஎல் ஓர் எச்சரிக்கையோடு ஒதுக்கிவிடும். மற்றவர்கள் மாற்றக்கூடிய தன் கன்ஃபிக்கைக் கண்டால், தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் ‘பேட் ஓனர் ஆர் பெர்மிஷன்ஸ்’ என்று சொல்லி நிறுத்திவிடும். சரியான வழி, கோப்பின் உரிமையாளரையோ குழுவையோ மாற்றி, தேவைப்பட்டவருக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுப்பது.

அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், ரெட் ஹேட், ஃபெடோரா வகைக் கணினிகளில் எஸ்ஈலினக்ஸைப் பாருங்கள்; கோப்புகளின் லேபிளைக் கொண்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் கூடுதல் பாதுகாப்பு அது. ஹோமில் எழுதிய கோப்பை ‘எம்வி’ கட்டளையால் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும். ‘ரீஸ்டோர்கான்’ கட்டளை அதைச் சரிசெய்யும். நிரல்களைத் தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரில், சின்ன வி விருப்பத்தோடு இல்லாத ஒரு கோப்பை மவுன்ட் செய்யச் சொன்னால், அதாவது கன்டெய்னருக்குள் இணைக்கச் சொன்னால், அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டரை அது உருவாக்கிவிடும். நிரல் ‘இது டைரக்டரி’ என்று முறையிட்டால் ஹோஸ்டில் (டாக்கர் ஓடும் கணினியில்) கொடுத்த பாதையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

கோப்பு சரி, அனுமதி சரி, முதல் வரியிலேயே பிழை. ஐஎன்ஐ கோப்பின் முதல் வரியில் சதுர அடைப்புக்குள் பகுதியின் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆனால் கன்ஃபிக்பார்சர் ‘பகுதித் தலைப்பே இல்லை’ என்கிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் பாம் எனப்படும் மூன்று பைட்டுகள். யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு குறிமுறை) கோப்பின் தொடக்கத்தில் சில எடிட்டர்கள் இதைச் சேர்க்கின்றன. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே இது சேர்ந்துவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் பாம் இல்லாத யூடிஎஃப்-8ஐ இயல்பாக்கியது. எடிட்டரில் ‘பாம் இல்லாமல்’ என்று தேர்ந்து மறுபடி சேமியுங்கள். அல்லது பைத்தானில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்ற குறிமுறையை (என்கோடிங்) கொடுத்துப் படியுங்கள். பாம் இருந்தால் அது தின்றுவிடும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

அடுத்தது வரி முடிவு. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு எழுத்துகள், லினக்ஸில் ஒன்று. விண்டோஸில் எழுதிய ‘.என்வ்’ கோப்பை லினக்ஸ் ஷெல்லில் ஏற்றினால், ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். டேட்டாபேஸ் சர்வரின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் ‘அப்படி ஒரு சர்வர் இல்லை’ என்று வருவது இதனால்தான். ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய ஏ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இந்த எழுத்துகளெல்லாம் வெளியே தெரியும். ‘டாஸ்டுயுனிக்ஸ்’ அவற்றை நீக்கிவிடும். இணையப் பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டிய வரிகளில் வளைந்த மேற்கோள் குறிகள், உடையா இடைவெளிகள், அகலமே இல்லாத இணைப்பான்கள் வந்திருக்கலாம். சந்தேகப்படும் வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே விரைவான மருந்து.

தமிழில் மதிப்புகளை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைத்தான் கணினியின் பழைய குறிமுறையைப் பயன்படுத்துகிறது; நம் ஊரில் ஆங்கில அமைப்போடு வரும் கணினிகளில் அது வழக்கமாக சிபி1252. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்றாவது பைட், பதினாறின் அடிமானத்தில், 8டி. உகரக் குறிக்கு மூன்றாவது பைட் 81. சிபி1252இல் இந்த இரண்டு இடங்களும் காலி. ஆகவே கோப்பில் ‘சேலம்’ என்று இருந்தால், கடைசிப் புள்ளியில் ‘சார்மேப் கோடெக்’ என்று தொடங்கி 0எக்ஸ்8டி என்ற பைட்டைக் குறைசொல்லும் பிழை வரும். ‘மதுரை’ என்றால் அதே பிழை 0எக்ஸ்81 என்று வரும். ‘கோவை’ என்றால் பிழையே வராது, ஏனென்றால் அதில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. ஆனால் திரையில் தமிழுக்குப் பதில் சிதைந்த எழுத்துகள் நிற்கும். ஒரே நிரல், ஊர்ப் பெயருக்கு ஏற்ப ஓடுவதும் உடைவதுமாக இருப்பதற்கு இதுவே காரணம். கோப்பைத் திறக்கும் இடத்திலும், கன்ஃபிக்பார்சரின் ‘ரீட்’டிலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எப்போதும் எழுதுங்கள். பைத்தான் 3.15இல் இதுவே இயல்பாக அமையும்படி முடிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும்.

இலக்கணம்

வரி எண் கிடைத்தால் அந்த வரியைப் பாருங்கள், அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். மூடாத மேற்கோளும் விட்டுப்போன காற்புள்ளியும் அடுத்த வரியில்தான் பிடிபடும். ஜேசான், யாமல் இரண்டும் கன்ஃபிக் எழுதும் வடிவங்கள். ஜேசானில் கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி கூடாது, குறிப்புரையும் கூடாது. யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கூடாது. முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி வேண்டும்.

யாமலில் பிழையே வராமல் மதிப்பு மாறிப்போவதும் உண்டு. பைத்தானின் பையாமல் நூலகம் பழைய 1.1 விதிகளின்படி படிக்கிறது. அதில் பூஜ்யத்தில் தொடங்கி, எட்டும் ஒன்பதும் இல்லாத முழு எண், எட்டின் அடிமான எண்ணாகக் கொள்ளப்படும். சென்னையின் எஸ்டிடி குறியீடான 044ஐ மேற்கோள் இல்லாமல் எழுதினால் நிரலுக்கு 36 போய்ச் சேரும். ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் மெய், பொய் மதிப்புகளாகிவிடும். தொலைபேசி எண், பின்கோடு, பதிப்பு எண் எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் வையுங்கள். ஐஎன்ஐ கோப்பில் கடவுச்சொல்லுக்குள் சதவீதக் குறி இருந்தால் கன்ஃபிக்பார்சர் அதைச் சிறப்புக் குறியாக எடுத்துக்கொண்டு பிழை தரும். இரட்டிப்பாக எழுதுங்கள், அல்லது இன்டர்போலேஷன் என்ற அந்தப் பதிலீட்டு வசதியை அணைத்துவிடுங்கள்.

கோப்பு பெரிதாகி, பிழை எங்கே என்றே தெரியவில்லை என்றால், நகலில் பாதியை வெட்டிவிட்டுச் சோதியுங்கள். பிழை எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி வெட்டுங்கள். ஆயிரம் வரிக் கோப்பிலும் பத்து வெட்டுக்குள் வரி கிடைத்துவிடும்.

படித்துவிட்டது, ஆனால் மாறவில்லை

மூன்று இடங்களைப் பாருங்கள். கட்டளை வரியில் கொடுத்த மதிப்போ சூழல் மாறியோ (நிரலுக்கு வெளியிலிருந்து தரப்படும் பெயரிட்ட மதிப்பு) பெரும்பாலான நிரல்களில் கோப்பை வென்றுவிடும். இரண்டாவது, துணைக் கோப்புகள். உபுண்டுவின் கிளவுட் சர்வரில் கடவுச்சொல் நுழைவை எஸ்எஸ்எச் சர்வரான எஸ்எஸ்எச்டியின் முதன்மைக் கோப்பில் மாற்றியும் பலிக்காமல் போவது பலருக்கு நேர்வது. அந்தக் கோப்பு மேலேயே ஒரு துணை ஃபோல்டரை இன்க்லூட் செய்கிறது; அங்கே, சர்வரை முதல்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் வைத்த கோப்பில் அதே அமைப்பு இருக்கலாம்; எஸ்எஸ்எச்டி முதலில் கிடைத்த மதிப்பையே வைத்துக்கொள்ளும். கிட்டில் நேர்மாறு, கடைசியாகப் படித்தது வெல்லும். ஒரு நிரலின் பழக்கத்தை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள். எஸ்எஸ்எச்டிக்கு டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாகக் கொடுத்தால், கடைசியில் நிலைத்த மதிப்புகளைக் காட்டும்.

மூன்றாவது, மறுஏற்றம். பெரும்பாலான சர்வர்கள் கோப்பைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. என்ஜின்எக்ஸுக்கு ரீலோட் சொல்லும்போது புதிய கன்ஃபிக்கில் பிழை இருந்தால், அது பழையதை வைத்துக்கொண்டு ஓட்டத்தைத் தொடரும். தளம் விழாமல் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு அது; ஆனால் லாகைப் பார்க்காதவருக்கு மாற்றம் பலிக்கவில்லை என்று மட்டுமே தெரியும். சோதனைக் கட்டளை, பிறகு ரீலோட் என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சர்வீஸை வரையறுக்கும் சிஸ்டம்டி யூனிட் கோப்பையே மாற்றியிருந்தால் ‘டீமன்-ரீலோட்’ முதலில், ரீஸ்டார்ட் பிறகு.

இன்னொருவரிடம் கேட்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கிறதென்றால் கேளுங்கள். கேட்கும்போது பிழைச்செய்தியைப் புகைப்படம் எடுக்காமல் எழுத்தாக ஒட்டுங்கள். நிரலின் பதிப்பு, இயங்குதளம், ஓட்டிய கட்டளை, ஓட்டிய ஃபோல்டர், ஓட்டிய பயனர், நிரல் திறப்பதாக நீங்கள் உறுதிசெய்த கோப்பின் முழுப் பாதை ஆகியவற்றைச் சேருங்கள். கன்ஃபிக்கை ஒட்டும் முன் கடவுச்சொல், ஏபிஐ சாவி, டோக்கன் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். தவறி வெளியே போயிருந்தால் அழிப்பதோடு விடாமல் சாவியையே மாற்றிவிடுங்கள்.

உங்கள் சொந்த நிரலில் இன்றே இரண்டு வரி சேர்க்கலாம்: தொடங்கும்போது, படித்த கன்ஃபிக்கின் முழுப் பாதையை லாகில் எழுதும் ஒரு வரி, கோப்பு இல்லாவிட்டால் தேடிய பாதையைச் சொல்லிவிட்டு நிற்கும் ஒரு வரி.